தாத்தாவின் ஜீப்பை எந்த வருஷத்துக்குத் திருப்புவது?

ஏற்காட்டில் நாகலூர் பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். நாலு பக்கக் கடிதம். சாரத்தை மட்டும் தருகிறேன்:

"எங்கள் தாத்தா 1948-ல் பட்டாள ஏலத்தில் எடுத்த ஜீப் எஸ்டேட்டில் நிற்கிறது. பர்மா யுத்தத்துக்கு வந்த வண்டி என்று சொல்லுவார். இடது பக்கம் இருந்த ஸ்டியரிங்கைத் தாத்தா காலத்திலேயே வலது பக்கம் மாற்றிவிட்டார்கள். மூட்டை ஏற்றப் பின்பக்கத்தை அறுத்துக் கதவு வைத்திருக்கிறார்கள். 1983-ல் அப்பா பெட்ரோல் இன்ஜினை இறக்கிவிட்டு ஒரு பழைய இன்டர்நேஷனல் டீசல் இன்ஜினைப் பொருத்தினார். இறக்கிய இன்ஜின் காபிப் பழம் உரிக்கிற பல்பிங் ஷெட்டில் சாக்கு போர்த்திக் கிடக்கிறது. வண்டி ஓடி ஆறு வருஷம் ஆகிறது. பெங்களூரில் இருக்கும் தம்பி, 1944-ல் பட்டாளத்தில் எப்படி இருந்ததோ அப்படியே, பச்சைப் பெயிண்ட், வெள்ளை நட்சத்திரம், ஜெர்ரி கேனோடு ஆக்க வேண்டும் என்கிறான். சேலத்தில் ஒரு டிங்கர், பழைய பாடியைத் தூக்கிப் போடுங்கள், புது பாடி மாட்டி, அகல டயர், பவர் ஸ்டியரிங் எல்லாம் போட்டுத் தருகிறேன் என்கிறார். அப்பாவுக்கு 79 வயது. ஓடினால் போதும் என்கிறார். எனக்கு என் மகள் அதில் ஓட்டப் பழக வேண்டும் என்று ஆசை. எதுவரை போகலாம் அண்ணா?"

சகோதரிக்கு வணக்கம். பட்டறைக்கு வருகிறவர்கள் எல்லாரும் கேட்பது இதைத்தான், "எவ்வளவு தூரம் செய்யலாம்?" என்று. அரைவாசியா, முக்கால்வாசியா என்று பேசிக்கொண்டே இருந்தால் முடிவே வராது. நான் திருப்பிக் கேட்பது, எந்த வருஷத்துக்குத் திருப்ப வேண்டும் என்று. வருஷத்தைச் சொல்லிவிட்டால் பெயிண்ட், இன்ஜின், பின்கதவு எல்லாவற்றுக்கும் பதில் தானாக விழுந்துவிடும். உங்கள் தம்பி சொல்வது 1944. டிங்கர் சொல்வது நாளைக்கு. அப்பா சொல்வது அவர் கடைசியாக ஓட்டிய அன்றைக்கு.

என் கணக்கு வேறு. இந்த வண்டி பட்டாளத்தில் இருந்தது மிஞ்சிப்போனால் நாலு வருஷம். உங்கள் எஸ்டேட்டில் இருந்தது எழுபத்தைந்துக்கு மேல். நாலு வருஷத்துக்காக எழுபத்தைந்தைச் சுரண்டி எறிவது எனக்குச் சரியாகப் படவில்லை. 1975 பக்கமாக நிறுத்துங்கள். பெட்ரோல் இன்ஜின், வலது ஸ்டியரிங், பின்கதவு, எஸ்டேட் பெயிண்ட். உங்கள் அப்பா முப்பது வயதில் காபி மூட்டையை ஏற்றிக்கொண்டு குப்பனூர் பக்கம் இறங்கிய வண்டி.

ஆனால் அதற்கு முன், இது நிஜமாகவே யுத்தகால வண்டிதானா என்று பார்த்துவிடுவோம். நம் ஊரில் காக்கித் துணி கட்டிய எல்லா ஜீப்பும் "மிலிட்டரி ஜீப்"தான். அதில் பெரும்பகுதி மஹிந்திரா பிற்பாடு செய்த சிஜே 3பி. பானெட் எட்டிப் பார்க்கிற உயரத்தில் நிற்கும். யுத்தகால வண்டிக்குப் பானெட் தாழ்ந்து தட்டையாக இருக்கும். முன் கிரில்லில் ஒன்பது துளை. ஏழு இருந்தால் அது பிறகு வந்த சிவிலியன் ஜீப். ஹெட்லைட் கிரில்லுக்குப் பின்னால் கொஞ்சம் உள்ளே தள்ளி உட்கார்ந்திருக்கும். அதன் மேலே உள்ள காதுத் திருகைத் தளர்த்தினால் லைட் அப்படியே திரும்பி இன்ஜினைப் பார்க்கும். ராத்திரியில் ரிப்பேர் பார்க்க அப்படிச் செய்தார்கள். பெட்ரோல் டேங்க் இடது பக்க சீட்டுக்கு அடியில், மூடி உள்ளே. இதெல்லாம் பொருந்தினால் தாத்தா சொன்னது சரி.

அடுத்து வில்லிஸா ஃபோர்டா. வில்லிஸ் எம்.பி., ஃபோர்டு ஜி.பி.டபிள்யூ. இரண்டும் ஒரே வரைபடத்தில் செய்தவை; 1941 முதல் 1945 வரை இரண்டு கம்பெனியும் சேர்ந்து ஆறு லட்சத்துக்கு மேல் செய்து தள்ளினார்கள். முன்னால் குனிந்து ரேடியேட்டருக்கு அடியில் போகும் குறுக்குச் சட்டத்தைத் தடவிப் பாருங்கள். உருண்டைக் குழாயாக இருந்தால் வில்லிஸ். சதுர வாட்டத்தில் கவிழ்த்த பாத்தி மாதிரி இருந்தால் ஃபோர்டு. ஃபோர்டு வண்டியில் போல்ட்டுத் தலையில்கூட 'எஃப்' எழுத்து அடித்திருப்பார்கள். உங்கள் வண்டியில் சேஸ் ஒன்று, பாடி ஒன்று, இன்ஜின் ஒன்று என்று கலந்திருந்தாலும் முகம் வாட வேண்டாம். பட்டாளத்துப் பட்டறையிலேயே கையில் கிடைத்ததை மாட்டி அனுப்புவார்கள். அதுவும் அந்த வண்டியின் கதைதான்.

சேஸ் நம்பரைத் தேடுங்கள். வில்லிஸ் என்றால் இடது சேஸ் சட்டத்தின் உள்பக்கம், பம்பருக்குச் சற்றுப் பின்னால், ஆணி அடித்த ஒரு சின்னத் தகட்டில் இருக்கும். ஃபோர்டு என்றால் அதே இடது சட்டத்தின் மேல் முகத்தில் நேரடியாக வெட்டியிருக்கும். அந்த இடத்தில் கிரைண்டர் வைக்க யாரையும் விடாதீர்கள். மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கையால் பித்தளை பிரஷ் போடுங்கள். எழுத்து தெரிந்ததும் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலை மேலே உரசி ஒரு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். பிரேக் இன்ஸ்பெக்டர் கேட்பதும் அதுதான்.

தகடு என்றதும் என் பாவக் கதை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். டாஷ்போர்டில் இருக்கிற சின்னப் பெட்டிக் கதவில் மூன்று தகடு இருக்கும். ஒன்றில் வண்டி நம்பரும் ராணுவத்துக்கு டெலிவரி கொடுத்த தேதியும் குத்தியிருப்பார்கள். பதினெட்டு வருஷத்துக்கு முன், ஒரு வண்டியில் அந்தத் தகடு கறுத்துப் போயிருந்தது. பளபளவென்று கொடுக்க ஆசைப்பட்டு பஃப் மெஷினில் காட்டினேன். அரை நிமிஷம்கூட இல்லை. தகடு கண்ணாடி மாதிரி ஆனது. தேதி போயே போய்விட்டது. அந்த வண்டி எந்த மாதம் பிறந்தது என்று சொல்ல இருந்த ஒரே சாட்சியை நானே தேய்த்துவிட்டேன். உரிமையாளர் ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் இன்னும் ஆறவில்லை. உங்கள் வண்டியில் தகடு இருந்தால் ஈரத்துணியால் துடைத்து, போட்டோ எடுத்து, அப்படியே விட்டுவிடுங்கள்.

இனி பெயிண்ட். தம்பியிடம் முதலில் சொல்ல வேண்டியது, 1989 மத்திய மோட்டார் வாகன விதிகளில் 121-ஆவது விதி. பாதுகாப்புத் துறை வண்டிகளைத் தவிர வேறு எந்த வண்டிக்கும் ஆலிவ் பச்சை அடிக்கக் கூடாது. பழைய வண்டிதானே, பட்டாளத்தில் இருந்ததுதானே என்று வாதம் பேசலாம்; அடிவாரத்தில் வண்டியை ஓரங்கட்டச் சொல்கிறவரிடம் அந்த வாதம் எடுபடாது. பட்டாள வண்டி மாதிரி மேல்நோக்கிய அம்பு போட்ட நம்பரும் வேண்டாம். ஷெட்டுக்குள்ளேயே வைத்துப் பார்க்கப் போகிற வண்டி என்றால் பேச்சு வேறு. உங்கள் மகள் ஓட்ட வேண்டும் என்கிறீர்கள்.

அப்போது என்ன பெயிண்ட்? அதை வண்டியிடமே கேளுங்கள். இதை நீங்களே செய்யலாம், ஆள் வேண்டாம். கை படாத இடமாகப் பாருங்கள்: பின் மூலையில் இருக்கும் டூல் பெட்டி மூடியின் உள்பக்கம், டாஷ்போர்டுக்கு அடிப்பக்கம், சீட்டு மறைத்த இடம். 400 நம்பர் தண்ணீர் உப்புத்தாளைக் கால் சதுரம் கிழித்து, விரலில் சுற்றி, சோப்புத் தண்ணீரில் நனைத்து, ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு வட்டமாகத் தேய்த்துக்கொண்டே வாருங்கள். அழுத்த வேண்டாம். பத்து சுற்றுக்கு ஒருமுறை துடைத்துப் பாருங்கள். முதலில் கடைசியாக அடித்த பெயிண்ட் மாவு மாதிரி கரையும். அடியில் வேறு நிறம் எட்டிப் பார்க்கும். வட்டத்தை வெளியே கொஞ்சம் கொஞ்சமாக விரித்துக்கொண்டே நடுவில் ஆழப்படுத்தினால், வெங்காயத்தைக் குறுக்கே வெட்டினமாதிரி வளையம் வளையமாக நிற்கும். மங்கின பச்சை நடுப்புள்ளியில் இருக்கும், அது பட்டாளம். அதற்கு வெளியே உள்ள ஒவ்வொரு வளையமும் உங்கள் குடும்பம். அப்பாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு இதைச் செய்யுங்கள். எந்த வளையம் எந்த வருஷம் என்று அவருக்குத்தான் தெரியும். வெயிலில் நனைத்துப் பார்த்த நிறத்தை போட்டோ எடுத்து, கடையில் அதற்குக் கலக்கச் சொல்லலாம்.

பானெட் பக்கத்தில் எஸ்டேட் பெயர் மங்கலாகத் தெரிகிறது என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். கையால் எழுதிய எழுத்து. அந்த இடத்தில் உப்புத்தாளும் வேண்டாம், பட்டியும் வேண்டாம். பெயிண்டர் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் தேய்க்கத்தான் பார்ப்பார். அந்தப் பக்கத்தை முதலிலேயே பேப்பர் ஒட்டி மறைத்துவிடுங்கள். சுற்றிலும் புதுசு, நடுவில் பழசு என்று ஒட்டுப்போட்ட மாதிரி தெரியும்தான். தெரியட்டும்.

பாடியைப் பற்றி டிங்கர் சொன்னதில் பாதி உண்மை. தரைத் தகடு போயிருக்கும், பார்க்காமலே சொல்கிறேன். இந்த வண்டிகளில் தரைக்கு அடியில் முட்டுக் கொடுக்கும் பாத்திகளுக்குள் மரச் சட்டம் வைத்து மூடியிருப்பார்கள். ஏற்காட்டுப் பனியும் மழையும் எழுபது வருஷம் குடித்த மரம். ஈரத்தை உள்ளேயே வைத்துக்கொண்டு தகட்டைத் தின்றிருக்கும். மேலே பெயிண்ட் நன்றாக இருக்கும், ஸ்குரூ டிரைவரால் குத்தினால் அடியில் அப்பளம். ஆனால் தரை போனதற்காகப் பாடியையே போடுவது, ஓடு உடைந்ததற்கு வீட்டை இடிக்கிற மாதிரி. அழுகிய அளவுக்கு வெட்டி, அதே கனத்தில் புதுத் தகடு வைத்துப் பற்றவைக்கலாம். நாமக்கல், சங்ககிரி பக்கம் லாரி பாடி கட்டிய கைகள் உள்ள ஊர் நம்முடையது. தகடு வேலைக்குப் பஞ்சமில்லை. பழைய பாடி ஒருமுறை செவ்வாய்ப்பேட்டைப் பழைய இரும்புக் கடைக்குப் போனால் திரும்பாது. மணல் பீச்சி அடித்துச் சுத்தம் செய்யலாம் என்று யாராவது சொன்னால் சேஸுக்கு மட்டும் சரி சொல்லுங்கள். மெல்லிய பாடித் தகட்டில் அடித்தால் நெளிந்துவிடும். அப்புறம் பட்டி பூசித்தான் மறைக்க வேண்டும்.

பின்கதவு இருக்கட்டும். பட்டாள வண்டியில் அங்கே கதவு கிடையாது, ஸ்டெப்னியும் ஜெர்ரி கேனும்தான் தொங்கும். தம்பிக்கு அது உறுத்தும். மூட்டை ஏற்ற வெட்டின கதவு. வெட்டியவர் வெல்டிங்கை எவ்வளவு சுத்தமாக முடித்திருக்கிறார் என்று ஒருமுறை அடியில் படுத்துப் பாருங்கள்.

இன்ஜின் விஷயத்தில் அப்பாவோடு எனக்குக் கொஞ்சம் சண்டை. டீசல் போட்டதற்குக் காரணம் புரிகிறது. அன்றைக்கு மலையில் எல்லாரும் செய்தார்கள், பெட்ரோல் செலவு கட்டுப்படியாகவில்லை. ஆனால் அது டிராக்டர் வம்சத்து இன்ஜின். கனம் அதிகம், உதறலும் அதிகம். அந்த ஜீப்புக்குப் பட்டாளத்தில் வைத்த பெயரே கால் டன் வண்டி. கிட்டத்தட்ட நாற்பது வருஷம் அந்த உதறலைத் தாங்கிய சேஸில் இன்ஜின் மவுண்டுக்குப் பக்கத்திலும் முன் ஸ்பிரிங் பட்டை மாட்டும் கொக்கிக்குப் பக்கத்திலும் விரிசல் இருக்க வாய்ப்பு அதிகம். ஒரு சின்னச் சுத்தியலை எடுத்துச் சேஸ் நெடுக, சாண் இடைவெளியில் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு 'டங்' என்று பேசும். உள்ளே துரு தின்ற இடம் 'தொப்' என்று ஊமையாகும். ஊமையான இடத்தில் சாக்பீஸால் கோடு போடுங்கள். எத்தனை கோடு விழுந்தது என்று எனக்கு எழுதினால் போதும், மீதிக் கணக்கை நான் போட்டுக்கொள்வேன்.

சாக்கு போர்த்திக் கிடக்கும் பெட்ரோல் இன்ஜின்தான் உங்கள் கையிலிருக்கும் பெரிய சொத்து. நாலு சிலிண்டர், 2199 சி.சி., 60 குதிரைத்திறன். சைடு வால்வு இன்ஜின். ஹெட் என்பது வெறும் தட்டை மூடி, வால்வெல்லாம் பிளாக்கிலேயே சிலிண்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். அதனால் இந்த இன்ஜினுக்குச் சாவு பெரும்பாலும் வால்வு சீட்டுக்கும் சிலிண்டருக்கும் நடுவில் விழும் விரிசலில் வரும். அது இல்லை என்றால் மற்றதெல்லாம் சேலத்து லேத்தில் ஒரு போரிங், புது பிஸ்டனில் சரியாகும். சுற்றுகிறதா என்று பார்க்க அவசரப்பட்டு ஸ்பானர் போட்டு இழுக்காதீர்கள். பிளக்கைக் கழற்றி, டீசலும் கியர் ஆயிலும் சரிபாதி கலந்து ஒவ்வொரு துளையிலும் ஒரு டம்ளர் ஊற்றி, ஒரு வாரம் மறந்துவிடுங்கள்.

மாட்டுவதற்கு முன் ஆர்.சி. புக்கை எடுத்து எரிபொருள் என்ற இடத்தைப் பாருங்கள். 1983-ல் டீசல் என்று மாற்றி எழுதியிருக்கிறார்களா, இல்லை காகிதத்தில் இன்னும் பெட்ரோல்தானா? எந்த இன்ஜின் நம்பர் இருக்கிறது? மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவு, கம்பெனி செய்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. டிங்கர் சொல்லும் அகல டயரும் பவர் ஸ்டியரிங்கும் இதில்தான் மாட்டும். நீங்கள் போவது பழைய அமைப்பை நோக்கித்தான். ஆனாலும் இன்ஜினை மாட்டிவிட்டு அனுமதி கேட்காதீர்கள். கேட்டுவிட்டு மாட்டுங்கள்.

2021-ல் வந்த விண்டேஜ் பதிவைப் பற்றித் தம்பி கேள்விப்பட்டிருப்பார். 50 வருஷம் தாண்டிய வண்டிக்கு 'வி.ஏ.' என்று தனி நம்பர், கட்டணம் 20,000 ரூபாய், 10 வருஷத்துக்குச் செல்லும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் சேஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் செய்யாத வண்டியாக இருக்க வேண்டும். உங்களுடையதில் ஸ்டியரிங் இடம் மாறியிருக்கிறது, பின்பக்கம் அறுத்திருக்கிறது. கிடைத்தாலும் அந்த நம்பரில் தினமும் ஓட்ட முடியாது; கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, ரிப்பேர் பார்க்க, அவ்வளவுதான். மகள் ஓட்டப் பழகுவது அந்தப் பட்டியலில் இல்லை. இருக்கிற பழைய நம்பரையே எஃப்.சி. காட்டிப் புதுப்பித்து வைத்துக்கொள்ளுங்கள். மகள் ஓட்டப்போகிறாள் என்ற அதே காரணத்துக்காக ஸ்டியரிங்கும் வலது பக்கமே இருக்கட்டும்.

1975 என்று சொன்னேன். பிரேக்கில் மட்டும் அந்தச் சத்தியத்தை மீறுவேன். ஒன்பது அங்குல டிரம், நாலு வீலுக்கும் சேர்த்து ஒரே ஆயில் லைன். ஒரு வீல் சிலிண்டர் கசிந்தால் நாலு வீலிலும் பிரேக் இல்லை. கைபிரேக் இருக்கிறதே என்றால், அது வீலைப் பிடிப்பதில்லை. சின்ன கியர் பெட்டிக்குப் பின்னால், பின்வீலைச் சுழற்றும் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டைப் பிடிக்கிறது. ஷாஃப்ட்டில் ஏதாவது கழன்றால் அதுவும் போச்சு. ஏற்காட்டிலிருந்து அடிவாரம் வரை இருபது கொண்டை ஊசி வளைவு. அதில் இப்போதுதான் ஓட்டப் பழகும் ஒரு பெண்ணை இந்த பிரேக்கை நம்பி இறக்கிவிட எனக்குத் தைரியம் இல்லை. முன்னும் பின்னும் தனித்தனியாக வேலை செய்யும் இரட்டை மாஸ்டர் சிலிண்டர் போடுங்கள். அது தரைக்கு அடியில் இருக்கிறது, யார் கண்ணுக்கும் தெரியாது. டிரம்மைக் கடைந்து, லைனிங், ஹோஸ், குழாய் எல்லாம் புதுசு. இந்த இடத்தில் மிச்சம் பிடிக்க வேண்டாம். உங்கள் மகளுக்கு என்ன வயது என்று எழுதவில்லை. லைசென்ஸ் வரும்வரை எஸ்டேட் பாதைக்குள் பழகட்டும்.

ஸ்டியரிங்கில் கிங் பின் பேரிங், டை ராடு முனை, நடுவில் திரும்பும் அந்த மூலைக் கை, மூன்றையும் ஒன்றாகப் பாருங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் முன்வீல் நடனம் நிற்காது. மின்சாரம் அந்தக் காலத்தில் 6 வோல்ட். டீசல் போட்டபோதே 12 ஆக்கியிருப்பார்கள், அப்படியே இருக்கட்டும், ஒயர் மட்டும் புதுசு. இன்றைக்கு பங்கில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். பழைய ரப்பர் ஹோஸையும் பெட்ரோல் பம்ப் டயஃப்ரத்தையும் அது ஊறவைத்துத் தின்றுவிடும். எத்தனால் தாங்கும் ரப்பராகக் கேட்டு வாங்குங்கள்.

வேலை வரிசையை மட்டும் மாற்றாதீர்கள்: சேஸ், பிரேக், ஸ்டியரிங், அப்புறம் இன்ஜின், தரைத் தகடு, ஒயரிங், பெயிண்ட் எல்லாவற்றுக்கும் கடைசி. பெயிண்டில் தொடங்கிய எத்தனையோ வண்டி எங்கள் பட்டறை வாசலில் பளபளவென்று ஓடாமல் நின்றிருக்கிறது. கழற்றும் எதையும், உடைந்த வைப்பர் மோட்டாரைக்கூட, தூக்கிப் போடாதீர்கள். அந்த டீசல் இன்ஜினும் ஷெட்டிலேயே இருக்கட்டும், அதே சாக்கைப் போர்த்தி. தம்பியின் மகனோ உங்கள் பேத்தியோ 1983 தான் வேண்டும் என்று ஒருநாள் வந்து நிற்கலாம்.

கடைசியாக ஒன்று. பெட்ரோல் இன்ஜினைக் கீழே எங்கள் பட்டறைக்குக் கொண்டுவரும்போது அங்கேயே ஹெட்டைக் கழற்றிப் பார்க்க யாராவது ஆசைப்படுவார்கள். விடாதீர்கள். ஹெட்டைப் பிடித்திருக்கும் துருப்பிடித்த ஸ்டட் பிளாக்குக்குள் உடைந்தால் ஒவ்வொன்றையும் துளையிட்டு எடுக்க எனக்கு ஒருநாள் போகும். பிளக் துளைகளில் துணி அடைத்து, கார்புரேட்டரைத் தனி டப்பாவில் போட்டு, பழம் பறிப்பு தொடங்குமுன் ஒரு செவ்வாய்க்கிழமையாகப் பார்த்து அனுப்புங்கள். அன்றைக்கு லேத்துக்காரர் சும்மா இருப்பார்.